பங்கு பிரிக்கும் இடத்தில் வந்து நிற்பவர்கள்

உ

முனிர்கா, புது டெல்லி
9 ஜனவரி 2024

மதிப்பிற்குரிய தஸ்லிமா அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிய பிறகு, கணவரை இழந்தவருக்கு எழுதும் வார்த்தையா இது என்று தோன்றியது. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

நான் இளவரசி. செந்தில்குமாரின் தங்கை. நாம் பேசியதே இல்லை. அண்ணன் நெஞ்சுவலியில் இறந்த அன்று உங்கள் தம்பி போன் செய்தபோது எடுத்தது நான்தான். “சொல்லிடறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மாதம் ஆகிறது. நாங்கள் வரவில்லை. ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். நாங்கள் டிக்கெட் பார்க்கவே இல்லை.

போனில் எனக்குப் பேச வராது. சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் சொல்ல நாலைந்து வாக்கியங்கள் மனப்பாடம். அவற்றில் எதுவும் உங்களிடம் சொல்லக்கூடியது அல்ல. அதனால்தான் கடிதம். மேலே உள்ள பிள்ளையார் சுழி அம்மா போடச் சொன்னது. தவறாக நினைக்க வேண்டாம்.

அம்மா மயூர் விஹாரில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். மூட்டுவலி இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அப்பா டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வந்த பணத்தில் எங்கள் சொந்த ஊரான அரூரில் ஒரு மனை வாங்கினார். அண்ணன் பேரில் பதிந்தார். எங்கள் பக்கத்தில் மகன் பேரில் பதிவதுதான் வழக்கம். நான் பட்டம் வாங்கிய வருடம் அது. என் பேர் யார் வாயிலும் வரவில்லை, என் வாயிலும். அந்தப் பத்திரம் உங்களிடம் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இளவரசி



பள்ளப்பட்டி, கரூர் மாவட்டம்
22 ஜனவரி 2024

அன்புள்ள இளவரசிக்கு,

இறைவனின் அமைதி உங்கள் வீட்டில் உண்டாகட்டும். நானும் ஷிஃபாவும் இருக்கிறோம். மாமியின் மூட்டுவலிக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கும், யாராவது டெல்லி வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி ஆட்களைப் பார்ப்பதில்லை. போன் தம்பியிடம் இருக்கிறது. அதனால் உங்கள் கடிதம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் என்று இந்த மாதத்தில் எழுதலாமா தெரியவில்லை. நீங்களும் அடிக்காமல் விட்டீர்கள், நானும் விடுகிறேன்.

பத்திரம் பீரோவில் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு தம்பியை விட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். எழுதக் கை கூசுகிறது.

பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள் ஒருத்திதான் என்பதால் அவளுக்குப் பாதி. சாதாரணமாக, மகன் போனால் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. மகன் இல்லாத வீட்டில் மீதி கூடப்பிறந்த தங்கைக்கு. ஆனால் மார்க்கம் வேறாக இருந்தால் ஒருவர் சொத்து இன்னொருவருக்கு வாரிசாக வராதாம். அதனால் மாமிக்கும் உங்களுக்கும் பங்கு இல்லை. மீதியும் ஷிஃபாவுக்கே திரும்புகிறது. நான் ஹஜ்ரத்திடம் திருப்பிக் கேட்கச் சொன்னேன், பெற்ற தாய்க்குக் கூடவா என்று. அப்படித்தான் என்றார்.

மாமியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

என்னை மதிப்பிற்குரிய என்றெல்லாம் எழுத வேண்டாம். அண்ணி என்றே எழுதலாம். அவர் உங்களைப் பற்றிப் பேசாத வாரம் இருந்ததில்லை.

அன்புடன்,
தஸ்லிமா



முனிர்கா
6 பிப்ரவரி 2024

அன்புள்ள தஸ்லிமா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலமும் ஷிஃபா நலமும் அறிய ஆவல். டெல்லியில் பனி குறைந்துவிட்டது.

அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்கவில்லை. சொன்னதில் எழுதக்கூடியது இவ்வளவுதான்: “பத்து மாசம் சுமந்தவளுக்குப் பங்கில்லியா? உங்கப்பன் முப்பது வருசம் ஆபீசர் சாபுங்களுக்கு வண்டி ஓட்டி முதுகு ஒடிஞ்சி வாங்குன மனைடி அது. அதுல அவளுக்கு என்னா, எனக்கு இல்லாதது?” கீழ் வீட்டு பையா வந்து கதவைத் தட்டி, “ஆன்ட்டி, சப் டீக்?”, எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மா தன் பக்கத்திலிருந்து சரியாகத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. இந்த அறையின் வாடகை கூடும்போதெல்லாம் “அரூருக்குப் போயிடலாம்” என்பார். வேறு எதைச் சொல்லியும் அவர் தைரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணனைப் பற்றி எங்களுக்குத் தெரியாதவற்றை நினைவாகத் தெரிந்துகொள்ள ஆசை. அவருடைய ஆதார், லைசென்ஸ் எல்லாம் எந்தப் பேரில் இருந்தன? மதம் மாறியதற்கு ஏதாவது சான்றிதழ் வாங்கினாரா? அப்பா இறந்தபோது டெல்லி வந்து திரும்பினாரே, அதைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

இப்படிக்கு,
இளவரசி



பள்ளப்பட்டி
18 பிப்ரவரி 2024

அன்புள்ள இளவரசிக்கு,

அமைதி உண்டாகட்டும். ஷிஃபாவுக்கு ஜலதோஷம். மற்றபடி சுகம்.

அவரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நிறைய எழுதப்போகிறேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் அவர் பெயிண்டர், நான் பக்கத்துத் தெரு கம்பெனியில் தையல். பட்டறையில் செந்தில், எங்கள் தெருவில் சலீம் பாய், வீட்டில் ஏங்க. மூன்றுக்கும் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் தெருவில் யாரோ செந்தில் என்று கூப்பிட, ஹஜ்ரத்தோடு பேசிக்கொண்டிருந்தவர் “இதோ வர்றேன்” என்று ஓடினார். ஹஜ்ரத்தே சிரித்துவிட்டார்.

ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் கலிமா சொல்லித்தான் நிக்காஹ் நடந்தது. பள்ளிவாசல் பதிவில் சலீம் என்று இருக்கிறது. ஆனால் ஆதார், லைசென்ஸ், பேங்க் எல்லாம் செந்தில்குமார்தான். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. நான் எத்தனையோ தடவை சொன்னேன். “அப்பா வெச்ச பேரு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது” என்பார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

டெல்லியிலிருந்து வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரியம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். “எல்லாம் நானே செஞ்சேன். கொள்ளியும் நான்தான் வெச்சேன்” என்றார். மார்க்கத்தில் அது கூடாதுதான். ஹஜ்ரத் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். கடைசிவரை அப்பாவுக்கு மகனாக இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு நிறைவு.

நீங்கள் இன்னும் அண்ணி என்று எழுதவில்லை. கூச்சம் போலிருக்கிறது. அவரும் சொல்வார், “எந்தங்கச்சி கடையில மிச்சம் சில்லறை கேக்கக்கூடக் கூச்சப்படும்” என்று.

அன்புடன்,
தஸ்லிமா



பள்ளப்பட்டி
10 மார்ச் 2024

அன்புள்ள இளவரசிக்கு,

அமைதி உண்டாகட்டும். பதில் காணோம். மாமிக்கு உடம்பு முடியவில்லையா? நான் அதிகம் எழுதிவிட்டேனா?

நோன்பு தொடங்கப்போகிறது. அதற்குமுன் ஒரு விஷயம். பெருநாளும் என் இத்தாவும் முடிந்தபின், ஏப்ரல் 28 ஞாயிற்றுக்கிழமை பங்கு பிரிக்கிறோம். மாமியைப் பற்றி நான் ஹஜ்ரத்தை விடவில்லை. அவர் சொன்னார்: பங்கு பிரிக்கிற இடத்தில் பங்கில்லாத சொந்தக்காரர்கள் வந்து நின்றால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்க வேண்டும், மனம் நோகாத வார்த்தை பேச வேண்டும். வெறுங்கையாக அனுப்பக் கூடாது.

ஷிஃபாவின் பங்கிலிருந்து நான் ஒரு பிடி மண்கூடக் கொடுக்க முடியாது. அது தகப்பன் இல்லாத பிள்ளையின் சொத்து, தாயாக இருந்தாலும் தொடக் கூடாது. ஆனால் அந்த மனையில் எனக்கு வரும் எட்டில் ஒன்று என்னுடையது. அதை முழுதாக மாமிக்கு எழுதித் தருகிறேன். சின்ன இடம்தான். ஓர் அறை போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி சொல்கிறான்.

வந்து நின்றால் போதும். நீங்களும் வாருங்கள். ஷிஃபா தன் அத்தையைப் பார்த்ததில்லை.

அன்புடன்,
அண்ணி
(நானே போட்டுக்கொண்டேன்.)



முனிர்கா
20 மார்ச் 2024

தஸ்லிமா அவர்களுக்கு,

நலம். கடிதங்கள் கிடைத்தன. அம்மா நலம்.

எனக்கு வேலை அதிகம். இனி என்னிடம் எதையும் விவரமாக எழுத வேண்டாம். நான் கேட்டாலும் எழுத வேண்டாம்.

ஷிஃபாவின் ஜலதோஷம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இளவரசி



பள்ளப்பட்டி
3 ஏப்ரல் 2024

இளவரசிக்கு,

அமைதி உண்டாகட்டும். ஜலதோஷம் குறைந்துவிட்டது.

நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. மயூர் விஹார் வாசுதேவன் என்பவரிடமிருந்து, மாமி சார்பில். இங்கிலீஷில் இருக்கிறது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னான்.

செந்தில்குமார் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சலீம் என்று ஒருவர் கிடையாது. அரசாங்க அட்டை எதிலும் அந்தப் பேர் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆகவே நிக்காஹ் செல்லாது. நான் “மனைவி என்று கூறிக்கொள்ளும் பெண்”. ஷிஃபா “அவருக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் குழந்தை”. எனக்குப் பங்கே கிடையாது. மாமி முதல் வாரிசு.

நான் உங்களுக்கு எழுதியவை எனக்கே திரும்பி வந்திருக்கின்றன. நிறைய எழுதப்போகிறேன் என்று எழுதினேனே, அது நினைவுக்கு வந்தது.

தம்பி கத்தினான். “அவங்க நலம் விசாரிச்சப்பவே எனக்குத் தெரியும்” என்றான். எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த நோட்டீசை நானே வாங்கி, ஓர் இடத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தந்தையின் சிதைக்கு மகன் செந்தில்குமாரே கொள்ளி வைத்தார், தாய் பாப்பம்மாள் அருகிலிருந்து பார்த்தார் என்று இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. என் மனசுக்காகச் சொல்கிறாரோ என்று. இப்போது மாமியே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவரை விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காக அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

28ஆம் தேதி மாறவில்லை. நான் சொன்ன எட்டில் ஒன்றும் மாறவில்லை.

தஸ்லிமா



முனிர்கா
10 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். முதல் வரியைக் காட்டுங்கள். எழுத்தில் உங்களை அண்ணி என்று அழைக்கக் கூடாது என்று வாசுதேவன் சார் முன்பே சொல்லியிருந்தார். அழைத்தால் கல்யாணத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடுமாம். நீங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

பிப்ரவரியில் நான் கேட்ட கேள்விகள் அவர் சொல்லிக் கேட்டவை. நினைவாக என்ற வார்த்தை மட்டும் நான் சேர்த்தது.

உங்கள் பதிலை அவர் வீட்டில் நான்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா சமைக்கும் வீடு அது. சாரின் மனைவி ருக்மிணி மாமி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மா சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றார். கொள்ளி வைத்த இடம் வந்ததும் சார் நிமிர்ந்தார். “பலே! இதுதாம்மா வேணும். இந்து மகன் செய்யற கர்மா. ஏம்மா பாப்பம்மா, கொள்ளி வெச்சது அவன்தானே?”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா. அவன்தான் வெச்சான்” என்றார். யாரும் கேட்காமலே மறுபடி சொன்னார், “நல்லா வெச்சான்.”

நான் கடிதத்தை மடித்தேன்.

அண்ணி, அண்ணன் கொள்ளி வைக்கவில்லை. உங்களிடம் மிச்சம் இருந்த ஒரு நிம்மதி அது என்று உங்கள் கடிதத்தில் தெரிந்தது. நான்கு நாட்களாக அதை யோசித்துத்தான் எழுதுகிறேன். வேறு வழி இருந்திருந்தால் அதை உங்களிடமே விட்டிருப்பேன்.

அப்பா இறந்த அன்று அண்ணன் நேராகச் சுடுகாட்டுக்கு வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், நுனி வெளியே தெரிந்தது. அம்மா கதவருகிலேயே மறித்தார். “தொடாத. உன் கை பட்டா அவருக்குக் கதி கெடைக்காது. பேரை மாத்துனவன் எம்புள்ள இல்ல” என்றார். “பேரு கார்டுல அப்படியேதாம்மா இருக்குது” என்று அண்ணன் லைசென்சை எடுத்துக் காட்டினார். “கார்டு வந்து கொள்ளி வெக்காது. துலுக்கனுக்கு இங்க என்னா வேல? வெளிய நில்லு.”

பண்டிட்ஜி “பேட்டா கௌன் ஹை?”, மகன் யார் என்று கேட்டார். அண்ணன் என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்தேன். பெரியப்பா மகன் அர்விந்த் கொள்ளி வைத்தார். அண்ணன் இரும்புக் கதவுக்கு வெளியே, வெயிலில், எல்லாம் முடியும்வரை நின்றார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. பாட்டில் என் கையில் இருந்தது.

அன்று அவர் இந்து இல்லை என்று துரத்தினோம். இன்று இந்துதான் என்று கேட்கிறோம். கோர்ட்டில் கூப்பிட்டால் இதை நான் சொல்வேன். போனில்கூடப் பேச வராதவள் அங்கே எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. அதனால்தான் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். கேட்டு முடித்து, “தபாலுக்கு நேரமாவுது, போ” என்றார். உங்கள் எட்டில் ஒன்றையும் 28ஆம் தேதியையும் பற்றி அப்போதுதான் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை.

நலம் விசாரித்து எழுதுவது வழக்கம். இந்த முறை விசாரிக்கவில்லை. உங்கள் தம்பி சொன்னது சரி.

இளவரசி
செந்தில்குமார் என்ற சலீமின் தங்கை



பள்ளப்பட்டி
2 மே 2024

அன்புள்ள இளவரசிக்கு,

அமைதி உண்டாகட்டும். சுகமாக இருக்கிறோம். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ முன்பு செய்ததற்காக இல்லை, இதை எழுதியதற்காக. கடிதம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வக்கீலிடம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டி வருமா என்று பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜமாஅத் பெரியவர்களும் ஹஜ்ரத்தும் திண்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லுஹர் தொழுகை முடிந்து பேச்சைத் தொடங்கும்போது தம்பி வந்து, வெளியே ஓர் அம்மா நிற்கிறார், யார் வீடு தேடுகிறார் என்று தெரியவில்லை, கேட்டால் பதில் சொல்லவில்லை என்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போட்டோவில் பார்த்த முகம்.

அரூரில் கல்யாணம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாராமே.

நான் கதவுவரை போனேன். “உள்ளே வாங்க மாமி” என்றேன். “இல்லம்மா. நான் இங்கியே நிக்கறேன். நீங்க பிரிங்க” என்றார். நிழலுக்காவது வரச் சொன்னேன். வரவில்லை. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. பங்கு பிரித்து முடியும்வரை, அந்த வெயிலில், இரும்புக் கதவுக்கு வெளியே நின்றார். என்ன செய்கிறார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நீ எழுதியிருந்ததால் தெரியும்.

ஷிஃபா யாரும் சொல்லாமல் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். மாமி அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை.

முடிந்ததும் எட்டில் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். காதில் விழாதது போல இருந்தார். பிறகு, “அவன எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

கூட்டிப்போனேன். எங்கள் ஊரில் கபுருஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. நானும் இன்னும் பார்த்ததில்லை. தம்பி மட்டும் உள்ளே போய், தூரத்தில் ஒரு மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று, இதுதான் என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம்.

அன்புடன்,
அண்ணி